முப்பத்தொரு தடவை ஏறிய பயணி

இருபத்தேழு வயதில் ஓய்வு பெறுகிறவளைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இந்த விமான மியூசியத்தில் தமிழ் வழிகாட்டியாக நின்றிருக்கிறேன். இப்போது வினிபெக்கில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன். பாடசாலைக்குக் காட்டவேண்டிய தொண்டு மணித்தியாலங்கள் முடிந்த அன்றே காணாமல் போகிறவர்கள் நிறைந்த இடத்தில், ஆறு வருடம் என்பது பென்ஷனுக்குரிய சேவைதான்.

அடுத்த கிழமையிலிருந்து நீங்கள் ஐந்து பேரும் என் இடத்தில் நிற்கப்போகிறீர்கள். "புதியவர்களுக்கு நாலு வரி எழுதி வைத்துவிட்டுப் போ" என்றார் எங்கள் பொறுப்பாளர். நாலு வரியில் நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் வழிகாட்டியாகவே வந்திருக்க மாட்டேன். இறக்கையின் நீளம், எஞ்சினின் வலு, எந்த விமானம் எந்த வருடம் என்பதெல்லாம் நீலக் கோப்பில் இருக்கின்றன. படித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை முழுதாகப் பாடமாக்கிய ஒருத்தி எப்படியெல்லாம் பிழை விடலாம் என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

முதல் நாள் பிழை சின்னது. காற்றாடி இறக்கைகளின் வளைவைப் பற்றி இருபது நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். பின்வரிசையில் ஒரு அன்ரி கையை உயர்த்தினார். என் வாழ்க்கையின் முதல் கேள்வி! ஆசையோடு, "சொல்லுங்கோ அன்ரி" என்றேன்.

"பிள்ளை, வோஷ்ரூம் எந்தப் பக்கம்?"

அவரோடு பாதிக் கூட்டம் போனது. திரும்பி வரவில்லை. ஆகவே வாசலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

பெரிய பிழை என் மூன்றாம் வருடத்தில் நடந்தது. கிழக்கு மூலையில் நிற்கும் மொஸ்கீற்றோவுக்குப் பக்கத்தில், சிவப்பு மார்க்கரால் கிறுக்கிய பலகை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அதை இன்னும் மாற்றவில்லை என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். இதுதான் அதன் கதை.

மொஸ்கீற்றோ மரத்தால் செய்த இரட்டை எஞ்சின் போர் விமானம். ரொறன்ரோவிலும் அதைக் கட்டினார்கள். நம்மிடம் இருப்பது சாதனங்கள் எல்லாம் கழற்றப்பட்ட முன்பகுதிக் கூடு மட்டும். அந்த மூலைக்கு ஒரு மனிதரின் கதை வேண்டும் என்று பொறுப்பாளர் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு தடித்த உறை வந்தது. ஜோன் என்கிற வயதான பெண்மணி அனுப்பியிருந்தார். அவருடைய தந்தை இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து மொஸ்கீற்றோ ஓட்டியவர். உறைக்குள் அவருடைய லொக் புத்தகத்தின் போட்டோகொப்பி இருந்தது. ஒவ்வொரு பறப்பையும் விமானிகள் தம் கையாலேயே எழுதிவைக்கும் பதிவேடு அது. கூடவே ஒரு கடிதம்.

தந்தை ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணைப் பிள்ளை. இன்று என் சித்தி வீடு வாங்கியிருக்கும் தெருக்கள் அப்போது சோள வயல். இருபத்தொரு வயதில் கப்பலேறிப் போனார். திரும்பி வந்து முப்பது வருடம் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். பிறகு ஒருநாளும் விமானம் ஓட்டவில்லை, போரைப் பற்றிப் பேசவுமில்லை. "ஒரு விசித்திரம் மட்டும் உண்டு," என்று ஜோன் எழுதியிருந்தார். "இரவில் பக்கத்து ஆசனத்தில் ஆள் இல்லாமல் அப்பா கார் எடுக்க மாட்டார்."

பலகையை எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். கையில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பிரதி, அதிலும் புத்தகத்தின் இடப்பக்கங்கள் மட்டும். வலப்பக்கங்களில் வெறும் இலக்கங்கள்தான் என்று பிரதி எடுத்தவர் விட்டுவிட்டாராம். ஒவ்வொரு வரியிலும் விமானியின் பெயர். அதற்கு அடுத்த கட்டத்தின் தலைப்பு, "இரண்டாம் விமானி, மாணவர் அல்லது பயணி". அந்தக் கட்டத்தில் முப்பத்தொரு தடவை ஒரே பெயர்: சார்ஜன்ட் ஹூபர். கடைசிக் கட்டத்தில் முப்பத்தொரு தடவையும் ஒரே சொல்: ரோந்து.

எஞ்சினியரிங் படித்த மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். அந்த வகை விமானத்தில் இரண்டாம் விமானிக்கு இடமில்லை. போர் நடக்கும் இடத்தில் மாணவர் ஏறமாட்டார். மிச்சம் இருப்பது பயணி. வழி சொல்லும் நேவிகேட்டர் ஒருவர் இருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்குத் தனிக் கட்டம் இருக்கும், அது பிரதியில் விடுபட்ட பக்கத்தில் இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். மொஸ்கீற்றோவின் குண்டறைக்குள் ஆளைப் படுக்கவைத்து ரகசியமாக நாடு விட்டு நாடு கொண்டுபோன கதைகளை வேறு எங்கேயோ வாசித்திருந்தேன். பயணியின் பெயரோ ஜெர்மன் பெயர். எல்லாம் பொருந்தியது! ரகசிய வேலையை ரோந்து என்றுதானே எழுதுவார்கள்? இரவில் தனியாகக் கார் ஓட்டப் பயந்தாரே, உளவாளிகள் பின்தொடர்வார்கள் என்ற பயமாகத்தானே இருக்கவேண்டும்?

என் பெயரைப் பார்த்து விமான நிலையத்தில் என்னை ஓரமாக நிற்கவைத்தவர்களை மூன்று நாள் திட்டியவள் நான். அதே நான்தான் ஒரு பெயரை மட்டும் வைத்து ஒரு மனிதரை உளவாளியாக்கினேன்.

"மர்மப் பயணி" என்று ஹூபரைப் பற்றிய பந்திக்குத் தலைப்புப் போட்டேன். பொறுப்பாளர், "இதற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் வரைந்திருந்த அட்டவணையைக் காட்டினேன். மூன்று நிறத்தில் அம்புக்குறிகளோடு அவ்வளவு அழகாக இருந்தது அது. அவர் மேலே கேட்கவில்லை. இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

பலகைத் திறப்புக்கு அம்மாவையும் அழைத்தேன். அம்மா அஜின்கோர்ட்டிலிருந்து இந்த மியூசியத்துக்கு அதுவரை ஒரு தடவையும் வந்ததில்லை.

"உவர் என்ன செய்தவர்? குண்டு போட்டவரோ?"

"இல்லை அம்மா, ஆக்களை ஏத்திக்கொண்டு போனவர்."

"குண்டு போட்டவர் எண்டால் நான் வரமாட்டன், சொல்லிப்போட்டன். பிளேன் சத்தத்துக்கு மேசைக்குக் கீழ இருந்து படிச்சவள் நான்."

"சத்தியமா இல்லை அம்மா."

"அப்ப வாறன். மட்டன் ரோல்ஸ் எத்தினை பேருக்குப் பொரிக்க?"

திறப்பு இரண்டு மணிக்கு. அன்று காலை பதினொன்றரைக்கு வழக்கமான தமிழ்ச் சுற்று. பலகை துணியால் மூடியிருந்தது. ஆனாலும் எனக்குப் பொறுக்குமா? கூட்டத்தைக் கிழக்கு மூலைக்குக் கொண்டுபோய், குரலைத் தாழ்த்தி, மர்மப் பயணியின் கதையை அவிழ்த்துவிட்டேன். எல்லாரும் வாய் திறந்து கேட்டார்கள். அஜக்ஸிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு அண்ணை மட்டும் கூட்டுக்குள் தலையை விட்டு இரண்டு ஆசனங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். தலையை வெளியே எடுத்தார்.

"பிள்ளை, எத்தினை தரம் ஏறினவர் எண்டு சொன்னனீர்?"

"முப்பத்தொரு தரம் அண்ணை."

"ஒரே ஆளோ?"

"ஒரே ஆள்தான்."

"ஒவ்வொரு தரமும் திரும்பி வந்தவரோ?"

எனக்கு அது தோன்றியதே இல்லை. உளவாளியை எங்கேயாவது இறக்கிவிட வேண்டுமே. லொக் புத்தகத்திலோ சில நாள் தள்ளி அதே பெயர் மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது. "ஓம்..." என்று இழுத்தேன்.

"அப்ப உவர் பசஞ்சர் இல்லை. கோ-ட்ரைவர்."

"அண்ணை, இது போர் விமானம்."

"விமானமெண்டாலும் ஓட்டம் ஓட்டம்தானே? நான் ட்ரக் ஓடுறன். வன்கூவருக்கு ரெண்டு பேராத்தான் போறது. என்ர லொக்கில மற்றவன்ர பேர் இருக்கும், அவன்ர லொக்கில என்ர பேர் இருக்கும். பசஞ்சரெண்டால் ஒருக்கா ஏறுவான், ரெண்டு தரம் ஏறுவான். முப்பத்தொரு தரம் ஏறி முப்பத்தொரு தரமும் உங்களோட திரும்பி வாறவனை ஆராவது பசஞ்சர் எண்டு சொல்லுவினமோ?"

அவருடைய மனைவி முழங்கையால் இடித்தார். "விடுங்கோப்பா. பிள்ளை படிச்சுப்போட்டு வந்து சொல்லுது, நீங்கள் ட்ரக்கைக் கொண்டுவந்து விடுறியள்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நல்ல கேள்வி அண்ணை" என்று சொல்லி அடுத்த விமானத்துக்கு நடந்தேன். நல்ல கேள்வி என்று ஒரு வழிகாட்டி சொன்னால், தன்னிடம் பதில் இல்லை என்று அர்த்தம். நீங்களும் சொல்வீர்கள். சொல்லும்போது உங்களுக்கே தெரியும்.

ஒரு மணிக்கு ஜோன் வந்தார். தபாலை நம்பாமல் அசல் லொக் புத்தகத்தை மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அலுவலக மேசையில் அதை விரித்தேன்.

முழுவதும் சிவப்பு.

நீலக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் இந்த வழக்கம் இருக்கிறது, நானும் அதைப் பாடமாக்கியிருந்தேன்: பகல் பறப்பு நீல மை அல்லது கறுப்பு மை, இரவுப் பறப்பு சிவப்பு மை. கறுப்பு வெள்ளைப் பிரதியில் எல்லா மையும் ஒன்றுதான். முப்பத்தொரு ரோந்தும் இரவு. அவர் இரவுப் போர் விமானி. இருட்டில் குண்டு போட வரும் விமானங்களைத் தேடிப்போய் மறிப்பது அவர் வேலை.

அப்படியானால் ஹூபர் யார் என்பது எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. இரவுப் போர் விமானத்தில் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு இருட்டில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் தோள் உரச இருக்கும் நேவிகேட்டர், ரேடார் திரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இடது, இன்னும் இடது, மெதுவாக, மேலே என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குரலை நம்பி ஓட்டவேண்டும். கடைசிச் சில நொடிகளில்தான் விமானியின் கண்ணுக்கு எதிரே ஒரு கறுப்பு உருவம் தட்டுப்படும்.

பிரதியில் விழாத இன்னொன்றும் இருந்தது. ஓரங்களில் மெல்லிய பென்சிலில் விமானியின் குறிப்புகள். முதலாவது இப்படி:

"நான் வலது என்றேன். ஹூபர் இடது என்றார். இடதுதான்."

நாலு பக்கம் தள்ளி: "திரும்பும் வழியில் மூடுபனி. எரிபொருள் குறைவு. கீழே தெரிவது கடல் என்றேன். ஆறு என்றார் ஹூபர். ஆறுதான். உயிரோடு இருக்கிறோம்."

இன்னொன்று: "ஒன்று கடலில் விழுந்தது. என் பெயரில் எழுதினார்கள். கண்டுபிடித்தவர் ஹூபர். அதை எழுத இந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை."

ஜோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "பலகையில் ஹூபரின் பெயரும் வருகிறது என்று எழுதியிருந்தீர்களே, அவருடைய மகனைத் தேடிப்பிடித்துவிட்டேன். இரண்டு மணிக்கு வருகிறார். கிச்சனரிலிருந்து. அவர்களைப் போல ஜெர்மன் பெயர்க் குடும்பங்கள் அங்கே நிறைய. உங்களை ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்."

ஆச்சரியம்தான்!

அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் மூன்று பேர் நின்றோம். பொறுப்பாளர், நான், என்னோடு தமிழ்ச் சுற்று செய்யும் றொஷான். துணியை எடுக்காமலே நிகழ்ச்சியை நடத்திவிட்டுப் பிறகு புதிய பலகை அடிக்கலாம் என்றார் பொறுப்பாளர்.

"துணியை எடுக்கத்தானே கூப்பிட்டனாங்கள்?" என்றான் றொஷான். "அந்தப் பந்திக்கு மேல, தலைப்பையும் சேத்து, ஒரு படத்தை ஒட்டிவிடுவம். ஒருத்தருக்கும் தெரியாது. மாதா மேல ஆணை, நானும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"நீ சொல்லாமல் இருப்பியோ?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லமாட்டன்."

எனக்கு அவனுடைய யோசனைதான் பிடித்தது. படத்தை அச்சடித்தோம். பசையோடு வெளியே வந்தேன். நடைபாதையில் அம்மா ரோல்ஸ் தட்டோடு நின்றார். பொய்ச் சத்தியம் செய்திருக்கிறேனே, முதலில் அதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அம்மா, உவர் ஆக்களை ஏத்தினவர் இல்லை."

"பின்ன?"

"இரவில குண்டு போட வாற பிளேனுகளை மறிக்கப் போனவை. ரெண்டு பேர்."

அம்மா தட்டை யன்னல் விளிம்பில் வைத்தார். கிழக்கு மூலையில் நின்ற மரக்கூட்டைத் திரும்பிப் பார்த்தார். "மறிக்கவும் ஆக்கள் இருந்திருக்கினம்," என்றார். பிறகு, "மற்றவர் ஆர்?"

"அவற்ற மகன்தான் இப்ப வரப்போறார்."

"அப்ப உந்த ரோல்ஸை இப்ப வெளியில வைக்காத. ஆறிப்போகும். சூடாக்கிக் குடுக்கோணும்."

ஹூபரின் மகன் ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டார். எண்பதை நெருங்கியவர். கோட், டை, கழுத்தில் பழைய கமெரா. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அப்பா மூன்று தடவை பத்திரிகையில் வந்தார். மூன்று தடவையும் 'விமானியும் துணையாளும்'. படத்தில் இருக்கிறார், பெயர் இல்லை. ஜோன் தொலைபேசியில் சொன்னாள், இங்கே பெயர் இருக்கிறது என்று. இருக்கிறதா?"

"இருக்கிறது," என்றேன்.

பலகையில் ஹூபரின் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. நான் பசை பூசி மறைக்கப்போன அந்தப் பந்தியில்.

இதைத்தான் நீங்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என் பிழையை மறைத்தால் அவருடைய தகப்பனையும் சேர்த்து மறைக்கவேண்டும். நான்காவது தடவையும் பெயர் இல்லாமல் போகும். இந்த முறை அதைச் செய்வது நான். படத்தைச் சுருட்டி றொஷானின் கையில் கொடுத்தேன். அவன் சட்டைப்பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து நீட்டினான். அவனும் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருந்தான்.

இரண்டு மணிக்குத் துணியை எடுப்பதற்கு முன் நான் முன்னால் போய் நின்றேன். முதல் வரிசையில் ஜோனும் ஹூபரின் மகனும். அவர்களுக்குப் பின்னால் அம்மா. கடைசி வரிசையில் ட்ரக் அண்ணை, குடும்பத்தோடு. திறப்பையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றுவிட்டாராம்.

"இந்தப் பலகையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது," என்றேன். "எழுதியது நான். இரவில் முப்பத்தொரு தடவை இந்த விமானிக்கு வழி சொன்ன நேவிகேட்டரை நான் பயணி என்று எழுதிவிட்டேன். அதோடு விடவில்லை. பெயரைப் பார்த்து உளவாளி என்றும் எழுதியிருக்கிறேன். அவருடைய மகன் இங்கே இருக்கிறார். ஐயா, என்னை மன்னிக்கவேண்டும்."

துணியை இழுத்தேன். மர்மப் பயணி.

ஹூபரின் மகன் எழுந்து பலகைக்குக் கிட்ட வந்தார். ஒவ்வொரு வரியாக வாசித்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து நான் செத்தே போனேன். அவர் திரும்பினார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா உளவாளியா? கிறிஸ்மஸ் பரிசை இரண்டு நாள் ஒளித்து வைக்கத் தெரியாதே அந்த மனிதருக்கு! வாங்கிய அன்றே அம்மாவுக்குச் சொல்லிவிடுவார்."

கூட்டம் வெடித்தது. நான் லொக் புத்தகத்தைத் திறந்து பென்சில் குறிப்புகளை உரக்க வாசித்தேன். இடதுதான். ஆறுதான். கண்டுபிடித்தவர் ஹூபர். மூன்றாவது குறிப்பில் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஜோன் எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

மார்க்கரை அவரிடம் நீட்டினேன். "இரவுப் பறப்பு. சிவப்பில்தான் எழுதவேண்டும்."

"பயணி" என்ற சொல்லை ஒரே கோட்டால் வெட்டினார். அதற்கு மேல் பெரிய எழுத்தில் "நேவிகேட்டர்" என்று எழுதி, தகப்பனின் முழுப் பெயரையும் எழுதினார். கோடு கோணலாகப் போனது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"பிள்ளை, கோ-ட்ரைவர் எண்டும் ஒருக்காப் போடச் சொல்லும்!"

மொழிபெயர்த்துச் சொன்னேன். அதையும் அவர் அடைப்புக்குறிக்குள் எழுதினார். பிறகு கமெராவை என்னிடம் தந்து பலகைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். நான் படம் எடுத்து முடிப்பதற்குள் அம்மா சூடான ரோல்ஸோடு நடுவில் புகுந்துவிட்டார். அந்தப் படத்தில் அம்மாவின் கையும் ஒரு ரோல்ஸும் இருக்கின்றன. ஹூபரின் மகனுக்கு அந்தப் படம்தான் பிடித்ததாம்.

புதிய பலகை அடிக்கக் காசு ஒதுக்குவதாகப் பொறுப்பாளர் சொன்னார். வேண்டாம் என்றோம், றொஷானும் நானும் ஒரே குரலில். அதனால்தான் அது அப்படியே இருக்கிறது. யாராவது உங்களிடம், "உது பிழையாக் கிடக்கே?" என்று கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள். யார் விட்ட பிழை என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். ஹூபருடைய பெயரை அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் வழிகாட்டிகள் கையெழுத்துப் போடும் பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. நாள், வழிகாட்டியின் பெயர், பார்வையாளர் தொகை. வேறு கட்டம் இல்லை. அன்று மாலை நான் அதைத் திறந்து, பதினொன்றரைச் சுற்றின் வரிக்கு நேரே, ஓரத்தில் எழுதினேன்:

"நான் பயணி என்றேன். ட்ரக் அண்ணை கோ-ட்ரைவர் என்றார். கோ-ட்ரைவர்தான்."

அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் அந்த ஓரங்களில் இப்படி எங்கள் பிழைகள் நிறையச் சேர்ந்துவிட்டன. றொஷானுடையவையும் உண்டு, அவனுடையவை அதிகம் என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். பென்சில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. கூர் சீவி வைத்திருக்கிறேன்.